ஃப்ளைஓவர் ஜாயின்ட்டாம்!

'கஸ்டமர் கம்ப்ளெயின்ட் நாட் அப்சர்வ்டு.' பெங்களூருல என் காரை விட்ட சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் கார்டுல இந்த ஒரே வரிதான். மூணாவது தடவை. நான் சொன்ன கோளாறு அவங்க கண்ணுல படவே இல்லையாம். எப்படிப் படும், பானட்டைத் திறந்தாத்தானே!

ஜெர்க் அடிக்குதுய்யா வண்டி. இஞ்சின் சூடான அப்புறம், ஏசி ஓடுறப்போ, மேட்டுல மூணாவது கியர்ல மிதிச்சா விக்கல் வந்த மாதிரி உலுக்குது. என் வயித்து வலியைக்கூட டாக்டர்கிட்ட நான் இவ்வளவு விவரமா சொன்னதில்ல. அட்வைசர் தம்பி டேப்லெட்டுல பயபக்தியா ஏதோ தட்டினான். எட்டிப் பார்த்தேன். 'ஜெனரல் செக்கப்.'

முதல் தடவை த்ராட்டில் பாடி க்ளீனிங், ஏர் ஃபில்டர், 3,800 ரூபாய். ரெண்டாவது தடவை இன்ஜெக்டர் க்ளீனிங், டேங்க்குல ஒரு பாட்டில் கஷாயம், 4,600 ரூபாய். ரெண்டு தடவையும் வாட்டர் வாஷ் மட்டும் பிரமாதம். பளபளன்னு ஜெர்க் அடிச்சுது.

இன்னிக்குக் காலைல, "நீயே வந்து பாரு தம்பி"ன்னு கூப்பிட்டேன். அவனே ஓட்டினான். எங்கே? சர்வீஸ் ரோட்டுல. இஞ்சின் இன்னும் கண்ணு முழிக்கல, ஏசி ஆஃப், ரெண்டாவது கியர், 25 கிலோமீட்டர் வேகம், நடுவுல நாலு ஹம்ப். "ஏனூ இல்ல சார், ஸ்மூத்." ஒண்ணுமே இல்லையாம்! அந்த வேகத்துல தள்ளுவண்டிகூட ஸ்மூத்தாத்தான் போகும். மேடு ஏறணும்பான்னு கெஞ்சினா, டெஸ்ட் டிரைவ் மூணு கிலோமீட்டர்தானாம். கால்ல விழாத குறையா ஒத்துக்க வெச்சு, நானே ஸ்டியரிங்ல உட்கார்ந்து, எலக்ட்ரானிக் சிட்டி எலிவேட்டட் ரோடு பக்கம் விட்டேன்.

டிராஃபிக்குக்குப் பேர் போன சில்க் போர்டு வழி. அந்த சிக்னல் யாருக்காவது உபயோகப்பட்டிருக்குன்னா அது இன்னிக்கு எனக்குத்தான். கால் மணி நேரத்துல இஞ்சின் வெந்நீர்ப் பானை மாதிரி ஆயிடுச்சு. ஏசி போட்டேன். மேட்டுல மூணாவது கியர் போட்டு மிதிச்சேன். அடிச்சுது பாருங்க! ஒண்ணு இல்ல, ஏழெட்டு. அவன் மடியில இருந்த டேப்லெட் கால்கிட்ட விழுந்துச்சு. செக் இஞ்சின் லைட் மூணு தடவை மின்னி அணைஞ்சுது. நான் உலகக் கோப்பையே ஜெயிச்ச மாதிரி அவன் பக்கம் திரும்பினேன்.

"ஃப்ளைஓவர் ஜாயின்ட் சார்."

என்னாது?

"காங்க்ரீட் ஜாயின்ட் சார். எல்லா வண்டியிலும் வரும்."

ஏன்டாப்பா, ஜாயின்ட்ல ஏறினா சீட்டுக்கு அடியில குத்தும். இது யாரோ பின் பம்பரைப் பிடிச்சு இழுத்து இழுத்து விடுற மாதிரி இருக்கு. அந்த வித்தியாசம் என் இடுப்புக்குத் தெரியுது, சர்டிஃபிகேட் வாங்கின உனக்குத் தெரியலையா? லைட் மின்னுச்சேன்னு கேட்டா, "சென்சார் சார், ஆகும்." மின்னுற லைட் சாதாரண லைட் இல்ல. ஏதோ ஒரு சிலிண்டர்ல ஸ்பார்க் சரியா விழாம, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்துற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கப் போகுதுன்னு வண்டி கத்துற கத்தல் அது. ஸ்கேனர் போட்டுப் பாருப்பான்னேன். இப்போ லைட் எரியலையாம், அதனால ஸ்கேன் தேவையில்லையாம்.

மேல ஏறிட்டா நடுவுல திரும்ப வழியும் இல்ல. முழு ரோடும் போய்த்தான் இறங்கினோம். டோல் என் ஃபாஸ்டேக்ல. திரும்பி வந்ததும் தீர்ப்பு: நான் கிளட்ச் மேல கால் வெச்சே ஓட்டுறேனாம், கிளட்ச் செட் மாத்திப் பார்க்கலாமாம், 14,000 ஆகுமாம். மாத்தி... பார்க்கலாமாம்! என் காசு என்ன லேப் எலியா?

அபார்ட்மென்ட் குரூப்புல கேட்டா அங்கே இருக்கிறவன் எல்லாம் எத்தனால் நிபுணன். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணமாம். பெட்ரோல் கோளாறுன்னா நாலு சிலிண்டரும்ல அழணும்? ஒண்ணு மட்டும் ஏன் அழுதுன்னு சாயங்காலம் அல்சூர் மெக்கானிக் அண்ணன்கிட்ட போன அப்புறம்தான் எனக்கே கேட்கத் தோணுச்சு.

அண்ணன் முதல்ல எதையும் கழட்டல. ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட்ல ஸ்கேனரைச் செருகினார். லைட் அணைஞ்சாலும் எரர் கோடு உள்ளே உட்கார்ந்திருந்துச்சு: பி0302. "ரெண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்குது சார்." 10 நம்பர் ஸ்பேனரை எடுத்து, ஸ்பார்க்குக்குக் கரண்டு கொடுக்குற இக்னிஷன் காயில்ல, ரெண்டாவதை மூணாவதுலயும் மூணாவதை ரெண்டாவதுலயும் மாத்திப் போட்டார். அந்த எரர் கோடை அழிச்சுட்டு, ஏரியைச் சுத்தி ஒரு மிதி மிதிச்சுட்டு வந்து மறுபடி பார்த்தா பி0303. கோளாறு காயில் கூடவே நடந்து போயிருக்கு! மொத்தம் இருபது நிமிஷம், செலவு பூஜ்யம்.

அந்தக் காயிலோட ரப்பரை டார்ச் வெளிச்சத்துல காட்டினார். முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. "மெதுவா போறப்போ ஸ்பார்க் எப்படியோ தாண்டிடும் சார். மிதிச்சா உள்ளே அழுத்தம் ஏறும், வோல்டேஜ் ஜாஸ்தி வேணும். அப்போ கரண்டு பிளக்குக்குப் போகாம இந்தக் கீறல் வழியா இரும்புக்கு ஓடிடும்." புது காயில் 2,400. அவர் கூலி 300. அதையும் கேட்டு வாங்கல, நீட்டினதை வாங்கிக்கிட்டார்.

செத்த காயிலைக் கையில வெச்சுக்கிட்டு நின்னப்போ போன். சர்வீஸ் சென்டர் பொண்ணு. "சார், எங்க சர்வீஸுக்கு 10க்கு எவ்வளவு கொடுப்பீங்க?" 302ன்னேன். "ஹலோ சார்?" 303ன்னேன். வெச்சிடுச்சு. அண்ணன் சிரிச்ச சிரிப்புல எனக்கும் அடக்க முடியல. பாவம், அந்தப் பொண்ணு என்ன பண்ணும்.

சரி, ஒரு காபி குடிப்போம்ணேன்னு பக்கத்துல நின்னு சாப்பிடுற தர்ஷினி ஹோட்டலுக்குப் போனோம். அங்கே அடுத்த கொடுமை. முன்னாடி ஒரு காபியை ரெண்டாப் பிரிக்கிற பை டூல ஆளுக்குப் பாதி வரும்ல, அவ்வளவுதான் இப்போ ஃபுல் காபியே. டம்ளருக்குள்ள விரலை விட்டா நுரைக்குக் கீழே தரை தட்டுது. இதுல பை டூ சொன்னா என்னத்தைக் குடிக்கிறது?