அசல் ஆற்று மீனாம்!

சேலத்தில் நான் போகிற மீன் தொட்டிக் கடைக்காரருக்கு ஒரே பெருமை: "பண்ணை மீன் இல்லீங்க, நேரா ஆத்துல புடிச்சது!" அதற்காகவே விலையும் கூடுதல். கண்ணாடிக்குள் மிஸ் கேரளா. மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரள, கர்நாடக ஆறுகளில் மட்டுமே வாழும் மீன். ஐயூசிஎன் என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்தில் இருக்கும் இனம். வேகமாக ஓடும் தெளிந்த நீரில் கூட்டமாகத் திரிய வேண்டியது, நம் ஊர் சித்திரை வெயிலில், இரண்டடித் தொட்டியில், ஒற்றையாய் முட்டிக்கொண்டு நிற்கிறது. (போர் தண்ணீர் உப்பைப் பற்றி நான் பேசவே இல்லை.) சரி, இதே மீனைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கவும் முடிகிறதே, அப்புறம் எதற்கு ஆற்றில் வலை? கேட்டால், "அதுல இந்தக் கலர் வராதுங்க" என்கிறார். வாங்க வந்தவரும் தலையாட்டுகிறார். ஹால் சோபாவுக்கு மேட்ச் ஆக வேண்டுமாம்!