விடைக்கோழியும் இரண்டு நாள் பட்டினியும்

பட்டினி கிடக்கும் இளம் பெட்டைக்கோழிகளின் சூலகத்தில் (மஞ்சள் கரு வளரும் உறுப்பு) ஹார்மோன் தொடர்பான மரபணுக்களின் வேலை குறைகிறது என்ற கட்டுரை எனக்குப் புதிதாக இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. முட்டையிடத் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகாத ஒரு விடைக்கோழி விறகுப்புரைக்குள் மாட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் போன நாங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தோம். அப்புறம் இரண்டு வாரத்துக்கு முட்டையே இல்லை.

கோழி அறுத்தவர்களுக்குத் தெரியும், உள்ளே மஞ்சள் கருக்கள் பெரிதும் சிறிதுமாகக் குலையாக இருக்கும், அதுவும் இடது பக்கச் சூலகத்தில் மட்டும். தீனி நின்றால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வந்து சூலகத்தைத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் குறையும். சூலகத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் சுரப்பும் இறங்கும். ஈஸ்ட்ரோஜன் சொன்னால்தான் ஈரல் மஞ்சள் கருவுக்கான சரக்கை அனுப்பும். சரக்கு வராவிட்டால் பெரிய கருக்கள் சுருங்கி, உடம்பே அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆபத்துக் காலத்துக்கு அதுவும் ஒரு சேமிப்புதானே!

அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர் ‘பட்டினியால் மரபணுவே கெட்டுவிடுமா’ என்று கேட்டிருக்கிறார். இல்லை சார், மரபணு அப்படியேதான் இருக்கும், அது வேலை செய்யும் அளவுதான் குறையும். தீனி கிடைத்தால் பழையபடி கூடும். அடைக்கோழியைத் தெளியவைக்க எங்கள் அம்மச்சி கடவத்தால் (பெரிய ஓலைப்பெட்டி) மூடிப் போடுவார், ஆனால் தண்ணீரும் கொஞ்சம் தவிடும் வைக்காமல் விடமாட்டார்.