ஐஸ் பெட்டிக்குள் வளைந்து கிடந்த மீன்

டெக்சாஸின் போடார்க் ஏரியில் பிடித்த ஒரு பெரிய பாஸ் மீனை (நன்னீரில் வாழும் வேட்டை மீன் அது) ஐஸ் பெட்டியில் போட்டு, ஒரு அண்ணன் நம் குழுவில் படம் போட்டிருந்தார். அந்தப் படத்தை நான் மறுபடி இங்கே பகிரப் போவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்த்தாயிற்று, ஹார்ட் போட வேண்டியவர்கள் போட்டாயிற்று. அதன் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி: "அண்ணே, போடார்க் ஏரியில் 16 அங்குலத்துக்கு மேல் இருக்கும் பாஸை எடுத்துப் போகக் கூடாது, திருப்பி விட்டிருக்கணும்." கெட்ட வார்த்தை இல்லை, கிண்டல் இல்லை, "அண்ணே" கூட இருக்கிறது. அதற்குக் கிடைத்த பட்டங்கள்: மீன் போலீஸ், வயிற்றெரிச்சல் பிடித்தவன், வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா. கடைசிப் பட்டத்தைக் கொடுத்தவர் என் வீட்டில் கை நனைத்தவர். சரி, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

"எத்தனையோ ஏரி இருக்கு, இதுக்கு மட்டும் என்னய்யா இவ்வளவு பில்டப்" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதனால் ஏரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டெக்சாஸில் ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய நீர்த்தேக்கம் அது. பான்ஹாம் பக்கத்தில், 16,641 ஏக்கர். 2018-இல் வேலை தொடங்கி, 2021 ஏப்ரலில் தண்ணீர் தேக்க ஆரம்பித்து, 2024 ஏப்ரல் 17 அன்றுதான் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாம் தூண்டில் போடுவதற்காக யாரும் அதைக் கட்டவில்லை. டாலஸ் பக்கத்து ஊர்களான ஃப்ரிஸ்கோவிலும் பிளேனோவிலும் ஆலனிலும் நம் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருவதற்காகக் கட்டியது. மீன் நமக்குக் கொசுறு. கொசுறாக வந்ததை முதல் ஆளாகப் போய் அள்ளிக்கொண்டு வருவதில் என்ன பெருமையோ, எனக்குப் புரியவில்லை.

புது ஏரியில் மீன் மளமளவென்று பெருகும். அது ஏரியின் அதிசயமும் அல்ல, நம் கைராசியும் அல்ல. நேற்றுவரை மேய்ச்சல் நிலமும் புதர்க்காடுமாக இருந்த இடம் தண்ணீருக்குள் போகிறது. புல்லும் இலையும் சருகும் அழுகி, அந்தச் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூச்சியும் பெருகும். அதைத் தின்று ஷாட், புளூகில் போன்ற பொடிமீன்கள் பெருகும். அதைத் தின்று பாஸ் கொழுக்கும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள மூழ்கிய மரங்கள் வேறு. அழுக வேண்டியதெல்லாம் அழுகித் தீர்ந்ததும் இந்த வேகம் இறங்கிவிடும். பெரும்பாலான நீர்த்தேக்கங்களின் கதை இதுதான். ஆகவே முதல் சில வருஷங்களில் வளர்கிற பெரிய மீன்களை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பத்து வருஷம் கழித்து அங்கே என்ன இருக்கும் என்பது.

இதெல்லாம் தெரிந்துதான் மாநில வனவிலங்குத் துறை தண்ணீர் ஏற ஏறக் குஞ்சு விட்டது. 13 பவுண்டு தாண்டிய தாய் மீன்களின் வம்சத்தில் வந்த குஞ்சுகளும் அதில் உண்டு. விட்டுவிட்டு ஒரு விதியும் போட்டார்கள். 16 அங்குலம் வரை உள்ள பாஸ், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து, தாராளமாக எடுத்துக்கொள். அதற்கு மேல் நீளமானதைத் தண்ணீரில் விடு. அவ்வளவுதான் சட்டம். "சாப்பிடாதே" என்று யார் சொன்னது? சின்னதைத் தின்னு, பெரியதை விடு என்கிறார்கள். சின்னது குறைந்தால் மிச்சமிருப்பதற்கு இரை கூடும். பெரியது தங்கினால் முட்டை கூடும். பெரிய பாஸ் என்றாலே அநேகமாகப் பெண். ஆண் அந்த அளவுக்கு வளர்வதே அபூர்வம். அந்த ஐஸ் பெட்டிக்குள் கிடந்ததும் வயிற்றைப் பார்த்தால் பெண்தான்.

பெரிய பாஸுக்குப் பேர் போன இன்னொரு டெக்சாஸ் ஏரி லேக் ஃபோர்க். அது ஏன் லேக் ஃபோர்க் ஆனது? 1980-இல் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பத்திலேயே பெரிதாக வளரும் ஃப்ளோரிடா பாஸ் இனத்தை விட்டார்கள், ஆரம்பத்திலேயே கட்டுப்பாடும் போட்டார்கள். அப்புறம் 1992 ஜனவரியில் அங்கே பேரி செயின்ட் கிளேர் பிடித்தார் பாருங்கள், 18.18 பவுண்டு. இன்றுவரை மாநில சாதனை அதுதான். (அவர் அன்றைக்குத் தேடிப் போனது கிராப்பி என்ற சின்ன மீனை. கொடுப்பினை என்பது இதுதான்.) மாநிலத்தின் முதல் ஐம்பது பெரிய பாஸ்களில் நெடுங்காலம் பாதிக்கு மேல் ஃபோர்க் ஏரியுடையவை. அங்கே முதல் வருஷங்களில் பிடித்தவர்கள் எல்லாரும் "ஒரே ஒரு மீன்தானே" என்று எடுத்துப் போயிருந்தால் இன்றைக்கு நாம் எதற்கு அத்தனை மைல் வண்டி ஓட்டிப் போகிறோம்?

"அது 16 அங்குலம்தான், கேமரா ஆங்கிள்" என்றார் இன்னொருவர். ஐயா, அந்த ஐஸ் பெட்டி என்னிடமும் இருக்கிறது. உள்பக்கம் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், இருபது அங்குலத்துக்கு மேல். அதற்குள்ளேயே மீன் நேராகப் படுக்க முடியாமல் வளைந்து, வால் மூடியில் இடித்து மடங்கி, கோக் டப்பாவுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் செருகிக் கிடக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் கறுப்புப் பட்டை கூட வெளுத்துப் போய்விட்டது. பாஸை அளப்பது கஷ்டமான வித்தை இல்லை: தட்டையான பலகையில் படுக்க வை, வாயை மூடு, வாலை இரண்டு விரலால் சேர்த்துப் பிடி, படி. வயிற்றின் மேல் டேப்பைச் சுற்றிப் போடுவது சட்டைக்கு அளவெடுப்பது, மீனுக்கு அல்ல.

அப்புறம் அந்த மீன்பிடி லைசென்ஸ் வாதம். "30 டாலர் கட்டியிருக்கேன், எனக்கு உரிமை இல்லையா?" இருக்கிறது. மீன் பிடிக்க உரிமை. விதிப்படி பிடிக்க உரிமை. காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கட்டியவர் சிவப்பு விளக்கில் நிற்பதில்லையா என்ன? மாட்டினால் 25-இலிருந்து 500 டாலர் வரை அபராதம் என்பது தனிக்கதை. அபராதத்துக்குப் பயந்து நான் பேசவில்லை. ஆனால் அபராதம் என்றால்தான் சிலருக்குக் காது கேட்கிறது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

ஒரு நண்பர், உண்மையிலேயே நல்ல நண்பர், இன்பாக்ஸில் கேட்டார்: "பசிக்குப் பிடிச்சுத் தின்னா அதுல ஒரு நியாயம் இருக்கு. நீ வாயில முள்ளைக் குத்தி, போட்டோ எடுத்து, விட்டுடறியே, அதுதான்டா கொடுமை." ரொம்ப யோசித்தேன். அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: நான் முள்ளின் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் போடுகிறேன், கோடை மத்தியான வெயிலில் போவதில்லை, மீனை வெளியே வைத்திருப்பது சில விநாடிதான். விட்டதில் சில சாகும், தெரியும். வெந்நீராய்க் கிடக்கும் ஆகஸ்டில் அதிகம் சாகும், அதுவும் தெரியும். ஆனால் இதை எடுத்துக்கொண்டு "அப்போ பெட்டியில் போடுறதே மேல்" என்று வருவீர்களானால், மன்னிக்கவும், அது வேறு விவாதம். அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது என்னை ரொம்பச் சுட்ட கமெண்டுக்கு வருகிறேன். "நம்ம ஊர்க் கண்மாயில ஒரே நாள்ல அம்புட்டு மீனையும் அள்ளுனவன்தானே நீயும், இங்க வந்து பாடம் நடத்துறியா?" ஆமாம், அள்ளியவன்தான். ஊரே சேர்ந்து கண்மாய் மீனை அள்ளும் அழிகண்மாய் அன்றைக்கு விடியும் முன்னே கரையில் நிற்பேன். பெரியவர் துண்டை வீசியதும் மொத்த ஊரும் ஊத்தா, கச்சா என்று மீன்பிடிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கும். அந்தச் சேற்று வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆனால் அது ஏன் அப்படி என்று கேட்டதுண்டா? அறுவடை முடிந்து, கண்மாய் வற்றி, இன்னும் பத்து நாள் போனால் வெயிலில் கருவாடாகப் போகிற மீன் அது. அடுத்த மழைக்குத் தண்ணீரோடு புது மீன் வரும். போடார்க் வற்றுகிற கண்மாயா? இரண்டையும் ஒன்று என்கிறவருக்குக் கண்மாயும் தெரியாது, இந்த ஏரியும் தெரியாது.

அதே ஊரில் என் தாய்மாமா ஒருத்தர். தூண்டில் பைத்தியம். விரால் குஞ்சு பார்த்திருப்பீர்கள், செக்கச்செவேலென்று தண்ணீர் மட்டத்தில் கூட்டமாகக் கொதித்துக்கொண்டிருக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தவளையைக் கட்டி இறக்கினால் பெரியது ஆத்திரத்திலேயே வந்து அடிக்கும், பசியே வேண்டாம். மாமாவுக்கு அது தெரியும். போட மாட்டார். நான் போடப் போனபோது தூண்டில் கம்பைப் பிடுங்கி முதுகில் ஒன்று வைத்தார். "அதுகள யாருடா பாத்துக்குவா?" என்று மட்டும் கேட்டார். பாஸும் அப்படித்தான். வசந்தத்தில் ஆண் மீன் வாலால் சரளையைக் கூட்டிக் குழி பறித்து, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். அதைத் தூக்கிய நிமிஷத்தில் புளூகில் கூட்டம் இறங்கி முட்டையைக் காலி செய்துவிடும். என் மாமா டெக்சாஸ் விதிப்புத்தகம் படித்தவர் இல்லை. அவரையும் வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா என்பீர்களா?

அந்த வார்த்தை. அதைத்தான் விழுங்க முடியவில்லை.

போன வசந்தத்தில் போடார்க்கில் படகு இறக்கும் ராம்ப்பில் படகை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்தார். விதிமீறலைச் சோதிக்கும் வார்டன் இல்லை, சீருடை கிடையாது. தலையில் தொப்பி, கையில் காபி. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற படகுகளையெல்லாம் தாண்டி நேராக என்னிடம் வந்து, சிரித்த முகத்தோடு, "உன் ஐஸ் பெட்டியில் என்ன இருக்கிறது, பார்க்கலாமா?" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. திறந்து காட்டினேன். தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சை சாதமும். "குட் மேன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். கூட வந்திருந்த என் பையன் காரில் ஏறியதும், "ஏம்ப்பா காட்டுன?" என்றான். வீடு வந்து சேரும்வரை ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தத் தொப்பிக்காரர் இந்தப் படத்தைப் பார்த்திருப்பாரா? பார்த்திருப்பார். இந்த மாதிரிப் படங்கள் நம் குழுவுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. உள்ளூர்க்காரர்களின் இணையப் பக்கத்தில் அன்று ராத்திரியே வந்துவிட்டது. கீழே என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஒருவர் கூட "இந்த ஆள்" என்று எழுதவில்லை. எல்லாம் "இவங்க", "இவங்க".

"அவனுங்க மட்டும் யோக்கியமா?" கேட்பீர்கள். இல்லை. அளவு மீறி எடுக்கும் வெள்ளைக்காரரை நானே பார்த்திருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன், வாங்கியும் கட்டியிருக்கிறேன். ஒரு லட்ச ரூபாய் சோனாரை முன்னால் வைத்துக்கொண்டு, திரையில் மீனைப் பார்த்து அதன் மூக்கிலேயே இரையை இறக்குகிறவர்களைப் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அவர்களில் ஒருவன் தப்பு செய்தால் அவன் ஒருவன்தான் செய்தான். நம்மில் ஒருவர் செய்தால் அடுத்த வாரம் என் ஐஸ் பெட்டி திறக்கிறது. இது அநியாயம். அநியாயம் என்பதற்காக அது நடக்காமல் இருக்கப் போகிறதா?

"அப்போ அவங்க முன்னாடி நல்ல பேர் வாங்கத்தானே இவ்வளவும்?" இல்லை. அந்த மீனைத் திருப்பி விட்டிருக்க வேண்டும் என்பது மீனுக்காக, ஏரிக்காக. என் பெட்டியைத் திறக்கச் சொல்லாமல் இருப்பதற்காகவும்தான், போங்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காரணம் இருந்தால் ஒன்று பொய்யாகிவிடுமா?

பெரிய பாஸை ஒருமுறையாவது கையால் விட்டுப் பார்த்தவர்களிடம் இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்காது. கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்தால் உள்ளே உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். ஒரு காலைப் பொழுது நன்றாகப் பிடித்தால் விரலில் தோல் உரிந்திருக்கும். மற்றக் கையால் வயிற்றைத் தாங்கித் தண்ணீரில் வைத்திருக்கும்போது முதலில் சும்மா கிடக்கும். செவுள் ஒருதரம் திறக்கும், இன்னொருதரம். பிறகு வாலால் ஒரு அடி, முகமெல்லாம் தண்ணீர். பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். இதற்கு ஹார்ட் போட அங்கே ஆள் இல்லைதான்.

மீன் குழம்புதான் வேண்டும் என்றால் அந்த ஏரியில் கிராப்பி இருக்கிறது, கெளுத்தி இருக்கிறது, 16 அங்குலத்துக்குள் ஐந்து பாஸும் இருக்கிறது. குழம்புக்கு எப்போதும் சின்னதுதான் ருசி என்று உங்கள் வீட்டிலேயே கேட்டால் சொல்வார்கள். படத்தைப் போட்ட அண்ணனோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் பாவம், ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்காகப் பேசியவர்கள்தான் பேசினார்கள். அண்ணே, சனிக்கிழமை காலை நான் போகிறேன். படகில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அளவுப் பலகை என்னிடம் இருக்கிறது, லைசென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.