விளைநிலத்தில் மின்சாரம்: மானியம் யாருக்கு, எதற்கு?

விளைநிலத்தில் அமையும் காற்றாலைக்கும் சூரிய மின் திட்டத்துக்கும் அரசு மானியம் தர வேண்டுமா என்ற விவாதத்தில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றாலைக்குத் தருவதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. நல்ல சாகுபடி நிலத்தை வேலியடைத்து, தரையை மூடித் தகடுகளை நிறுத்தும் சூரியப் பண்ணைக்குப் பொதுப்பணம் ஒரு காசும் போகக் கூடாது. அதே நிலத்தில் பயிரும் தொடருமானால், அந்தத் திட்டத்துக்கு இப்போது தருவதைவிடக் கூடுதலாகவே தரலாம்.

காற்றாலையையும் சூரியப் பண்ணையையும் ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க வேளாண்மைத் துறை, வளமான விளைநிலத்தில் அமையும் சூரியத் திட்டங்களுக்கும் காற்றுத் திட்டங்களுக்கும் தன் நிதியுதவி இனி கிடையாது என்று சேர்த்தே அறிவித்தது. நிலத்தின் கணக்கில் இவை வெவ்வேறானவை. ஒரு மெகாவாட் காற்றாலைக்கு அடித்தளமும் பாதையும் சேர்ந்து நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் இடம் சராசரியாக ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவுதான். கோபுரங்களுக்கு நடுவே உழவும் அறுவடையும் வழக்கம்போல் நடக்கும். தரையில் நிறுவப்படும் ஒரு மெகாவாட் சூரியப் பண்ணைக்கோ ஏறத்தாழ 5 ஏக்கர் வேண்டும், அதுவும் முழுமையாக.

சூரிய மின்சாரத்தை எதிர்ப்பவர்கள் சொல்லும் 'உணவா, மின்சாரமா' என்ற வாதத்தையும் நான் அப்படியே ஏற்கவில்லை. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனால் ஆலைகளுக்குப் போகிறது. அந்த நிலம் இப்போதே எரிபொருள்தான் தருகிறது. அதே ஒரு ஏக்கரில் தகடு நின்றால் பல மடங்கு ஆற்றல் கிடைக்கும். பருவநிலை மாற்றத்தின் அடியை முதலில் வாங்குபவர் விவசாயி என்பதால், தூய மின்சாரம் பெருக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் கேள்வி, பொதுப்பணம் எதை வாங்குகிறது என்பதுதான்.

2000ஆம் ஆண்டு ஜெர்மனி புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, சூரிய மின்சாரம் யூனிட் ஒன்றுக்கு 50 யூரோ சென்ட் அளவில், 20 ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்ட கொள்முதல் விலையைப் பெற்றது. அன்றைக்கு அது நியாயம். யாரும் வாங்காத விலையில் இருந்த ஒரு தொழில்நுட்பத்தை அந்தப் பணம் வளர்த்தெடுத்தது. தகடுகளின் விலை 2010க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது. சாகுபடி நிலத்தில் புதிதாக அமையும் சூரியப் பண்ணைகளுக்கான அந்த உறுதி விலையை 2010ஆம் ஆண்டிலேயே ஜெர்மனி நிறுத்தியும் விட்டது. சமதளமாக, மரமில்லாமல், பாதை வசதியோடு கிடக்கும் விளைநிலத்தை நிறுவனங்கள் தாமாகவே தேடி வருகின்றன. செலவு கூடுதலாகும் கூரைகளுக்கும் வாகன நிறுத்துமிடங்களுக்கும் கைவிடப்பட்ட சுரங்க நிலங்களுக்கும் அவர்களை அழைத்துப்போகத்தான் மானியம் தேவைப்படுகிறது.

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுபவர் குத்தகை விவசாயி. என்னை அதிகம் வருத்துவதும் அதுதான். சூரியப் பண்ணைக்கு நிறுவனம் தர முன்வரும் வாடகை, பயிர் செய்பவர் தரக்கூடிய குத்தகையைப் போலப் பல மடங்காக இருப்பது வழக்கம். மானியம் அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. நில உரிமையாளருக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நிலையான வருமானம் கிடைக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. மழையையும் சந்தை விலையையும் நம்பிக் கிடந்தவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை. அவர் வெளியேறும்போது, அவரிடம் டிராக்டர் வாடகைக்கு விட்டவர், விதை விற்றவர், களையெடுத்தவர் என்று ஒரு சங்கிலியே அறுகிறது. அவரும் வரி செலுத்துகிறார். தன்னை வெளியேற்றும் வாடகைக்குத் தன் வரிப்பணமும் சேர்வதை அவர் எப்படி ஏற்பார்?

இதற்கு மாற்று வழி புதிதல்ல. தகடுகளை உயர்த்தி, இடைவெளி விட்டு நிறுத்தினால் கீழே உருளைக்கிழங்கு விளையும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் அடால்ஃப் கோட்ஸ்பெர்கர் 1980களின் தொடக்கத்திலேயே எழுதினார். தெற்கு ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகில் உள்ள ஹெகல்பாக் பண்ணையில் 2016 முதல் அது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 2017இல் தகடுகளுக்குக் கீழே உருளைக்கிழங்கும் கோதுமையும் 18 சதவீதம் அளவுக்குக் குறைவாக விளைந்தன. கடும் வெப்பமும் வறட்சியுமாக இருந்த 2018இல் நிலைமை மாறியது. நிழல் ஈரத்தைக் காத்ததால் உருளைக்கிழங்கு விளைச்சல் திறந்தவெளியைவிட 11 சதவீதம் கூடியது. எல்லாப் பயிருக்கும் எல்லா மண்ணுக்கும் இது பொருந்தாது. உயரமான இரும்புச் சட்டங்களுக்குச் செலவும் அதிகம். அந்தக் கூடுதல் செலவைச் சந்தை தானாக ஏற்காது என்பதால்தான் அங்கே மானியத்துக்கு வேலை இருக்கிறது.

நிபந்தனை காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு ஜப்பான் எடுத்துக்காட்டு. 2013இல் அந்நாடு தகடுக்குக் கீழே சாகுபடியை அனுமதித்தபோது, விளைச்சல் வட்டாரச் சராசரியில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று விதித்தது. இருந்தும் பெயரளவுக்குப் பயிர் வைத்து மின்சாரம் விற்றவர்கள் இருந்தார்கள். 2024இல் விதிகளை இறுக்க வேண்டியதாயிற்று. ஆகவே மானியத் தொகையை முன்பணமாக மொத்தமாகக் கொடுக்காமல், ஒவ்வோர் ஆண்டும் விளைச்சலை அளந்த பிறகே விடுவிக்க வேண்டும் என்று கருதுகிறேன். தகடுகளையும் அடித்தளத்தையும் அகற்றி நிலத்தை மீட்பதற்கான வைப்புத்தொகையைக் கட்டுமானம் தொடங்கும் முன்பே நிறுவனம் செலுத்த வேண்டும். நிலத்தைப் பயிரிடுபவர் குத்தகைதாரராக இருந்தால், அவருடைய கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தை அரசு பரிசீலனைக்கே எடுக்கக் கூடாது.