பெப்பர்மின்ட் எண்ணெயை வெந்நீரில் விட்டுக் குடிக்காதீர்கள்

‘வயிற்று வலிக்குப் பெப்பர்மின்ட் எண்ணெயை வெந்நீரில் சொட்டு விட்டுக் குடியுங்கள்’ என்று சொல்லும் ஒரு வீடியோவுக்குக் கீழே நான் எழுதியதையும், அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டதையும் நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ‘அலோபதி அடிமை’ என்றார்கள், ‘உனக்கு என்ன தெரியும்’ என்றார்கள். பரவாயில்லை. திரும்பவும் அதையேதான் சொல்கிறேன். வயிற்று வலிக்கு பெப்பர்மின்ட் எண்ணெய் பாட்டிலை வாங்கி வெந்நீரில் சொட்டு விட்டுக் குடிக்காதீர்கள்.

அந்த எண்ணெயே வேலை செய்யாது என்று நான் எங்கே சொன்னேன்? எனக்குப் பல வருடங்களாக ஐபிஎஸ் (IBS) என்கிற குடல் தொந்தரவு இருக்கிறது. வயிறு முறுக்கி வலிக்கும், மலம் போவதும் ஒழுங்காக இருக்காது. டாக்டர் எழுதிக் கொடுத்து அதே எண்ணெயைத்தான் கேப்சூலாகப் போடுகிறேன், கேட்கிறது. அதிலிருக்கும் மென்தால் குடல் தசைக்குள் கால்சியம் போவதைத் தடுக்கும். இழுத்துப் பிடித்த தசை தளரும், வலி குறையும். 2008ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்து, பலன் இருக்கிறது என்றுதான் எழுதினார்கள். ஆனால் அந்த நோயாளிகள் யாரும் டம்ளரில் சொட்டு விட்டுக் குடிக்கவில்லை. இந்த வைத்தியத்துக்கென்றே இருக்கும் கேப்சூலின் உறை இரைப்பை அமிலத்தில் கரையாது, சிறுகுடலுக்குப் போன பிறகுதான் திறக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் முழுசாக விழுங்க வேண்டும், கடிக்கக் கூடாது. அசிடிட்டி மருந்தோடு சேர்த்தும் போடக் கூடாது, உறை முன்னாடியே கரைந்துவிடும்.

வெந்நீரில் விட்டால் எண்ணெய் நேராக இரைப்பையில் இறங்குகிறது. குடலைத் தளர்த்துகிற அதே மென்தால், உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வையும் தளர்த்திவிடும். அமிலம் மேலே ஏறும்.

கொருக்குப்பேட்டையில் இருக்கிற என் சித்தி அந்த வீடியோவைப் பார்த்துத்தான் குடித்தார். ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக் என்று பயந்து ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்துப் பார்த்து, நெஞ்செரிச்சல்தான் என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஆங்கிலத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருந்தது. சித்திக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

‘பாட்டி காலத்திலிருந்து புதினா சாப்பிடுகிறோமே’ என்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், எங்கள் வீட்டிலும் துவையல் உண்டு. ஆனால் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக வாங்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை, அதில் மென்தால் ரொம்பக் குறைவு. பெப்பர்மின்ட் வேறு செடி. இலை வேறு, காய்ச்சி வடித்த எண்ணெய் வேறு. பாட்டி யாரும் எண்ணெயை வடித்துக் குடிக்கவில்லை.

ஐபிஎஸ்ஸுக்குப் பெப்பர்மின்ட் கேப்சூல் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில் அது எடுபடவில்லையே என்று ஒருவர் கேட்டார். சரி, 190 பேரை வைத்துச் செய்த அந்த ஆய்வு முக்கிய இலக்கைத் தொடவில்லைதான். ஆனால் வயிற்று வலி குறைந்ததாக அதிலேயே இருக்கிறது. எனக்கு வலி குறைந்தால் போதும்.

இன்னொன்று. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தில் எழுப்புகிற வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கிற தொந்தரவு, இதில் எது இருந்தாலும் கேப்சூலும் வேண்டாம், சொட்டும் வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள். அந்த வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

‘ஐபிஎஸ் எல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, ஓவரா சீன் போடாதீங்க’ என்று எழுதியவருக்கு என்ன பதில் சொல்வது? மூளைக்கும் குடலுக்கும் தொடர்பு உண்டு, கவலைப்பட்டால் வலி கூடும், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வலி பொய்யாகிவிடுமா? பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தபோது எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நிற்கும்போது வயிறு முறுக்கும், முன்னால் நிற்கிறவரிடம் ‘அக்கா, நான் முன்னாடி போகட்டுமா’ என்று கேட்கவே கூசும். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். பாத்ரூம் போய் வந்தால் எல்லார் முன்னாலும் சூப்பர்வைசர் ‘மறுபடியுமா?’ என்பார். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்த ‘மறுபடியுமா’வுக்குப் பயந்து எத்தனை பெண்கள் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்கு வந்தார்கள் தெரியுமா? நானும் அப்படித்தான் வந்தேன். தீபாவளி, பொங்கல் எதுவானாலும் அந்தக் கடையில் மட்டும் இன்றைக்கும் நான் துணி எடுப்பதில்லை.