லெவுலோஸும் சர்க்கரைதான்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: "தேனில் இருப்பது சர்க்கரை அல்ல, லெவுலோஸ். நீரிழிவு உள்ளவர்கள் வேண்டிய மட்டும் சாப்பிடலாம்."

இது தவறு. லெவுலோஸ் என்பது ஃபிரக்டோஸின் பழைய பெயர். பழச் சர்க்கரை என்று பள்ளியில் படித்தோமே, அதுவேதான். அதன் கரைசல் முனைவுற்ற ஒளியின் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) தளத்தை இடப்பக்கம் திருப்பும். இலத்தீனில் 'லேவஸ்' என்றால் இடது. பெயர் அங்கிருந்து வந்தது. வலப்பக்கம் திருப்பும் குளுக்கோஸுக்கு டெக்ஸ்ட்ரோஸ் என்று பெயர். தேனில் இரண்டுமே உண்டு.

வேதிப்பொருள்களைப் பற்றித் தகவல் தரும் 'பப்கெம்' (PubChem) இணையதளத்தில் லெவுலோஸ் (levulose) என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள், ஃபிரக்டோஸ்தான் வரும். தேன் புட்டியின் பின்புறம் சர்க்கரை அளவையும் படியுங்கள்.

நீரிழிவுள்ள பக்கத்து வீட்டு மாமி, காலைக் காபியில் மூன்று கரண்டி தேன் விடத் தொடங்கிவிட்டார். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.