எஞ்சாமி என்று ஆயா யாரைக் கூப்பிட்டாள்

போன வாரம் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சு வந்தது. பக்கத்து மேசையில் யாரோ போனில் ராப் பாடகர் அறிவின் பாட்டு போட்டிருந்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், நல்ல மனுஷர்தான், "இந்த அறிவு பாட்டு எதை எடுத்தாலும் ஒரே புலம்பல்மா. சாதி, நிலம், பாட்டி. வேற ஒண்ணுமே இல்லையா?" என்றார். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு சீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் வந்தது. நாலு வார்த்தையில் அடங்குகிற பதில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னதில் பாதி சரி. அறிவின் பாட்டில் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். பாட்டி, மண், ஏரி, சாவு, கூலி. ஆனால் அதையெல்லாம் அவர் எதற்குத் திரும்பத் தொடுகிறார்? எனக்குப் பட்டது இதுதான். எங்கள் ஜனங்களைக் குனிய வைத்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிமிர்த்தி, எங்கள் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார்.

'எஞ்சாமி' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயும் அறிவும் பாடி 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு வந்தது. கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள், கல்யாண ரிசப்ஷன் மேடையில் எல்லாம் ஆடினார்கள். 'என் சாமி'தான் வாயில் சேர்ந்து அப்படி ஆகிறது. என் ஆயா, அதாவது பாட்டி, இந்த வார்த்தையை ரெண்டு பேரிடம் சொல்வாள். ஒருத்தர் நிலத்துக்காரர். கழனி வரப்பில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே நடவு நட்டுக்கொண்டிருக்கிற ஆயாவின் குரல் மாறிவிடும். "சாமி, எஞ்சாமி, இன்னும் ரெண்டு படி போட்டுக் குடு சாமி." இடுப்பு ஏற்கெனவே வளைந்துதான் இருக்கும், அந்த வார்த்தையில் இன்னும் கொஞ்சம் வளையும். இன்னொருத்தி நான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடியில் முடிந்து வைத்திருந்த வேர்க்கடலையை எடுத்துக் கொடுத்து, "எஞ்சாமி, துன்னு" என்பாள். அதே வார்த்தைதான். ஒன்றில் பயம் இருக்கும், இன்னொன்றில் உயிர் இருக்கும்.

அறிவு அந்த ரெண்டாவது சாமியைப் பிடித்துக்கொண்டார். பேரப்பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற சாமி அது. அதற்கு முன்னால் 'என்ஜாய்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை வைத்தார். ஆயாவுக்கு அந்த வார்த்தை தெரியாது, சுகமாக இரு என்ற நினைப்பு மட்டும் தெரியும். காலம் முழுக்க யாரையோ சாமி என்று கும்பிட்ட வாய், தன் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து 'நீதான் எனக்குச் சாமி, நல்லா இரு' என்கிறது. எனக்கு அந்தப் பாட்டில் கேட்பது அதுதான். குதூகலமான தாளம் என்பதால் பலபேருக்கு இது காதில் விழாமல் போயிருக்கலாம். எனக்கு முதல் தடவையே தொண்டை அடைத்தது.

அறிவு அரக்கோணத்துக்காரர், அதாவது பழைய வட ஆற்காடு. எங்கள் ஊர் காவேரிப்பாக்கம் பக்கம். மாவட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது. 1989-ல் வட ஆற்காடு பிரிந்தபோது எங்கள் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, அப்புறம் வேலூர், 2019-லிருந்து ராணிப்பேட்டை. என் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழில் அம்பேத்கர் பெயரோடுதான் மாவட்டம் இருக்கிறது. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்து 'வள்ளியம்மா பேராண்டி'. 'என்ஜாய் எஞ்சாமி'யில் தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொள்வது அவ்வளவுதான். 2024-ல் வந்த ஆல்பத்துக்கும் அதுவே பெயர். ராப் பாடுகிறவர்கள் எல்லோரும் பாட்டுக்குள் தன் பெயரைச் சொல்வார்கள், நான் யார் தெரியுமா என்று. இது அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம் என்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதா? திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாட, கட்டியக்காரன் "யாரு சாமி நீங்க, எந்த நாடு?" என்று வம்பிழுக்க, துரியோதனன் தன் குலம், நாடு, தம்பிமார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவான். ராஜாவுக்குத்தான் அந்த வரிசை உண்டு. கூலிக்காரிக்கு யார் திரை பிடித்தார்கள்? அறிவு அந்தத் திரையை விலக்கிக்கொண்டு வந்து, நான் இன்ன ராஜா என்று சொல்லவில்லை, இன்ன கூலிக்காரியின் பேரன் என்கிறார். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டு எழுதுகிற நாட்டில் ஒரு பாட்டியின் பெயரை முன்னால் வைக்கிறார். இதைப் பெருமையடிப்பு என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் ஏரி. நாய், நரி, பூனைக்கும்கூட இந்த ஏரி குளம் சொந்தம் என்று ஒரு வரி வருகிறதே, அதை எல்லோரும் இயற்கைப் பாட்டாகத்தான் கேட்கிறார்கள். சரி, அதுவும்தான். எங்கள் மாவட்டமே ஏரிப் பாசனத்தில் வளர்ந்தது. காவேரிப்பாக்கம் ஏரிக்கரை மேல் நின்று பார்த்தால் தண்ணீர் இருக்கிற வருஷத்தில் எதிர்க்கரை தெரியாது. ஆனால் அந்த வரியில் எனக்கு 1927 கேட்கிறது. அந்த வருஷம் மார்ச் 20-ம் தேதி மகாராஷ்டிராவில் மகாத் ஊரில் சவதார் குளத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான ஜனங்களோடு இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், இந்த மனிதர்கள் மட்டும் தொடக்கூடாது என்று இருந்த குளம் அது. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி இந்த வரியைக் கேளுங்கள். நாயை விடுகிறாய், என்னை விடமாட்டாயா என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்க நியாயமும் இருக்கிறது. அவர் அப்படிக் கேட்கவில்லை. நாய்க்கும் நரிக்கும் சொந்தம் என்று ஏரியை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார். யாரை விலக்கி வைத்தார்களோ அவர்கள் வாயிலிருந்து 'எல்லோரும் வாங்க' என்று வருகிறது. கோபத்தைவிட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது. அந்த அண்ணனிடம் முதலில் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அதே பாட்டில் தோட்டம் வருகிறது. மரம் வளர்த்தேன், தோட்டம் செழித்தது, என் தொண்டை மட்டும் நனையவில்லை. நான் வேலை செய்வது ஷூ கம்பெனியில், கணக்குப் பிரிவில். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழில்தான் பாதிப் பேருக்குச் சோறு, எனக்கும் அதுதான். அந்தத் தோலைப் பதப்படுத்திய கழிவு பாலாற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியதால் பல ஊர்க் கிணறுகளில் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனதும் இதே பக்கம்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது, கெடுத்தவர்தான் அதைச் சரிசெய்கிற செலவையும் ஏற்க வேண்டும் என்று. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். எங்கள் தெருவிலோ இன்றைக்கும் கேன் தண்ணீர்தான். வெளிநாட்டுக்காரர் காலில் போடுகிற ஷூ இங்கிருந்து போகிறது, அதைத் தைக்கிற பெண் குடிதண்ணீரை இருபது லிட்டர் கேனில் காசு கொடுத்து வாங்குகிறாள். அந்தத் தொண்டை வரி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றியது என்று தெரிந்த பிறகும் எனக்கு அது பாலாற்றங்கரையில்தான் கேட்கிறது.

ஆமாம், அந்தத் தோட்டம் இலங்கை மலையகம். நிலமில்லாமல் அங்கே தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் பாடுபட்டுத் திரும்பி வந்தவர்களின் கதை அது, அவருடைய பாட்டியின் கதையும் அதுதான். 1948-ல் இலங்கை சுதந்திரமடைந்த வருஷமே மலையகத் தமிழருக்குக் குடியுரிமை இல்லாமல் செய்தார்கள். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பங்கு பிரித்தார்கள். மூட்டை எண்ணுவது போல. மீதி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். யாரும் அந்த ஜனங்களைக் கேட்கவில்லை. பள்ளிப் பாடத்தில் இது எனக்கு ஒரு வரிகூட ஞாபகமில்லை. ஒரு பாட்டு கேட்டு, யார் இந்த வள்ளியம்மா என்று தேடப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது அந்தப் 'புலம்பல்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். அண்ணனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியது இங்கேதான். அறிவின் ராப்புக்கு அடியில் ஓடுவது ஒப்பாரி. எங்கள் பக்கம் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறவர்கள் சும்மா அழுவதில்லை. செத்தவர் என்ன வேலை செய்தார், யாருக்குச் செய்தார், எந்தக் கழனியை யார் ஏமாற்றி வாங்கினார்கள், எந்த மகன் பார்க்க வரவில்லை, எல்லாம் அதில் வரும். பத்திரத்தில் எழுதாததை, எழுதத் தெரியாதவர்கள் அங்கே எல்லோர் காதிலும் பதிவு செய்தார்கள். எங்கள் தாத்தா செத்தபோது ஆயா மாரடித்துக்கொண்டு பாடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது:

"ஏரி நெறஞ்சிருக்க
ஏத்தம் எறச்ச கையி
சோறு பெசையாம
சோந்து கெடக்குதே..."

நிலத்துக்காரரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே நின்றிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றுதான் ஆயா பாடினாள் என்று அம்மா பிற்பாடு சொன்னார். உயிரோடு இருந்தவரைக்கும் சாமி என்று கூப்பிட்டவரை அன்றைக்கு மட்டும் கேள்வி கேட்கலாம். துக்கத்தில் இருக்கிறவளை யாரும் அடக்க முடியாது. ஒப்பாரி கொடுத்த சுதந்திரம் அது. அறிவு அதை வருஷம் முழுக்க எடுத்துக்கொண்டார்.

அதற்குப் படிப்பும் துணை நின்றது. அவர் பெற்றோர் ஊர் ஜனங்களுக்கு எழுத்தறிவு சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர்கள். தொண்ணூறுகளில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் அறிவொளியில்தான். அப்படியொரு வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அறிவரசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து பெயர் எடுத்து, சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் தொடங்கி, 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் அவர் பாடினார். அடுத்த வருஷம் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து செய்த ஆல்பத்துக்குத் தெருக்குரல் என்று பெயர். வேகமாகச் சொன்னால் திருக்குறள் மாதிரியே காதில் விழும். ஏட்டில் இருக்கிற மரியாதை தெருவுக்கும் வேண்டும் என்று அந்தப் பெயரே கேட்கிறது.

அவர் சினிமாவுக்கு எழுதியதில் எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன். கதாநாயகனுக்காக எழுதிய சில பாட்டுகள் தியேட்டரோடு முடிந்துவிட்டன, எனக்கு அவை ஒட்டவில்லை. சொந்தமாக எழுதும்போதுதான் அவர் முழுசாக இருக்கிறார்.

2021 ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகை 'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதிய ஆளை விட்டுவிட்டு அட்டைப்படம் போட்டது. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு அவருக்கும் தனியாக ஓர் அட்டை வந்தது. தோட்டம் செழிச்சும் தொண்டை நனையாத வரியை எழுதியவருக்கே அது நடந்தது. அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

நேற்று ராத்திரி அம்மாவிடம் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். டிவியில் எத்தனையோ தடவை கேட்டதுதான், உட்கார்ந்து வார்த்தையைக் கேட்டது இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தொண்டை வரியில் கையை நிறுத்தினார்.

"யாருடி இது பாடறது?"

"அரக்கோணத்துப் பையன்மா."

"யார் வூட்டுப் புள்ள?"

"வள்ளியம்மா பேரனாம்."

"எந்த வள்ளியம்மா?" என்று கேட்டார். தெரிந்தவர்களாக இருக்கும் என்றே நினைத்துவிட்டார். அவரே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஏரிக்கரை வீட்டு வள்ளியம்மா, நடவுப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள். தங்கவயலுக்குப் புருஷனோடு போய் அங்கேயே செத்துப்போன வள்ளியம்மா. பீடி சுற்றி மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த வள்ளியம்மா. நான் போனில் பாட்டை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். நாலாவது வள்ளியம்மாவுக்கு எங்கள் ஆயா தன் சேலையைக் கொடுத்து வேலைக்கு அனுப்பினாளாம். அது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.